ஒரே பேரில் இரண்டு தபால் கார்டுகள்

போன மாதம், பாலக்காட்டுப் பக்கம் முன்பு நான் வேலை பார்த்த கல்லூரி அலுவலகத்துக்குப் போயிருந்தேன். என் ஓய்வூதியப் புத்தகத்தில் பிறந்த தேதி தப்பாக இருக்கிறதாம். முப்பத்து மூன்று வருடம் ஊரார் பிறந்த தேதிகளைச் சரிபார்த்தவனுக்கு அரசாங்கம் கொடுத்த பரிசு. காத்திருந்த நேரத்தில், இப்போது என் நாற்காலியில் இருக்கும் பெண் கணினித் திரையைத் திருப்பிக் காட்டினாள். வேறொரு கல்லூரியில் இரண்டு வருடம் படித்த பையனின் மதிப்பெண், வருகை எல்லாம் ஒரு எண்ணைத் தட்டியதும் வந்து நின்றன.

"இனிமே ஆள் மாறாட்டமே நடக்காதுங்க சார். உங்க காலத்துல இதெல்லாம் எப்படிங்க பண்ணீங்க?" என்றாள்.

சிரித்து வைத்தேன். அலுவலர் சங்க மலருக்குக் கட்டுரை கேட்டிருக்கிறார்கள் என்பதால் மிச்சத்தை இங்கே எழுதுகிறேன். சம்பந்தப்பட்டவர்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். படித்து முடிக்கும்போது இந்த வாக்கியம் எவ்வளவு வேடிக்கையானது என்று உங்களுக்கே தெரியும்.

எனக்கு ஊர் மீனாட்சிபுரம் பக்கம். எருமைகளுக்கும் நிலக்கடலைக்கும் நடுவே எம்.ஏ. வரைக்கும் படித்துவிட்டு, எழுபதுகளின் தொடக்கத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். முதல் மூன்று வருடங்களில் கற்றது ஒன்றுதான்: காகிதத்தைத் துளையிட்டு நூல் கோக்கும்போது விரலைக் குத்திக்கொள்ளாமல் இருப்பது. அதற்கு மேல் கற்றதெல்லாம் சூப்பரண்டு அனந்தநாராயணனைப் பார்த்துக்கொண்டிருந்ததில் வந்தது. அவராக எதையும் சொல்லிக்கொடுத்ததில்லை. கேட்டால் "ரூல் புஸ்தகம் அலமாரியிலே இருக்கு" என்பார்.

கல்பாத்தி அக்கிரகாரத்து ஆள். எந்தக் கோப்பையும் கடைசிப் பக்கத்திலிருந்து முதல் பக்கத்துக்குத்தான் படிப்பார். முடிவு தெரிந்த பிறகு ஆரம்பத்தைப் படித்தால்தான் பொய் எங்கே நுழைந்தது என்று தெரியுமாம். அவர் மேஜையில் ஒரு பித்தளைக் குண்டு இருந்தது. ஜூன், ஜூலையில் கணவாய்க் காற்று எங்கள் பக்கம் அடிக்கும் அடியில் குண்டு இல்லாமல் காகிதம் நிற்காது. ஆனால் அவர் அதைக் காற்றுக்காக மட்டும் வைத்திருக்கவில்லை. முடிவு எடுக்காத காகிதத்தின் மேல் குண்டு இருக்கும். குண்டை எடுத்துவிட்டார் என்றால் முடிவு எடுத்துவிட்டார். பிறகு பிரின்ஸிபால் வந்து சொன்னாலும் குண்டு திரும்ப ஏறாது.

பாதியில் நின்ற பி.ஏ.வை வேறொரு பல்கலைக்கழகத்தின் கீழே தொடர வேண்டுமென்றால் அன்று என்னென்ன வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன். பழைய கல்லூரியின் மாற்றுச் சான்றிதழ், அதாவது டி.சி. அது ஒன்றே ஒன்றுதான், இரண்டாவது பிரதி கிடையாது. பிறகு எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம், வருகைச் சான்று, எழுதிய தேர்வுகளின் மதிப்பெண் பட்டியல். இவற்றை வைத்து, அங்கே படித்த வருடங்களை இங்கே படித்ததாக ஏற்றுக்கொள்ளும்படி நாங்கள் பல்கலைக்கழகத்துக்கு எழுத வேண்டும். இத்தனை காகிதத்தில் ஒன்றிலும் புகைப்படம் கிடையாது. எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் உடல் அடையாளம் இரண்டு எழுதியிருக்கும். ஆளுக்கும் காகிதத்துக்கும் நடுவே இருந்த பாலம் அந்த இரண்டு வரிதான்.

ஏலப்பாறை, பீர்மேடு தேயிலை எஸ்டேட்டுகளின் தமிழ்ப் பிள்ளைகள், தமிழ்நாட்டில் தொடங்கிய படிப்பை முடிக்க இத்தனை தூரம் ஏன் வந்தார்கள் என்று கேட்கலாம். மலைக்குக் கீழே மேற்குப் பக்கம் கல்லூரிகள் இருந்தன. அங்கே தமிழ் கிடையாது. தமிழ்நாட்டில் எழுதித் தேறிய தமிழ்த் தாள்கள் வீணாகும். மலையாளத்தையோ ஹிந்தியையோ புதிதாகப் படித்து எழுத வேண்டும். மதுரைப் பக்கம் போனால் விடுதிக் கட்டணம் கழுத்தை நெரிக்கும். எங்களிடம் தமிழ்த் துறை இருந்தது, அரசுக் கட்டணம், கொழிஞ்சாம்பாறையிலோ சித்தூரிலோ யாராவது ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்கிக்கொள்ளலாம். கையில் காசில்லாமல், பாதிப் படிப்போடு நிற்கும் தமிழ்ப் பிள்ளைக்கு மாநிலத்தில் இருந்தது ஏறக்குறைய ஒரே வாசல். இதை நினைவில் வையுங்கள். நடந்ததெல்லாம் வாசல் ஒன்றாக இருந்ததால்தான் நடந்தது.

மே மாதம் பிறந்தால் விசாரணைத் தபால் கார்டுகள் வரும். ஒரு வருடம் ரோஸ்லின் ஞானமணி என்ற பேரில் இரண்டு கார்டுகள் வந்தன. ஒன்று ஏலப்பாறை எஸ்டேட் லைன் விலாசத்திலிருந்து: இரண்டாம் வருடத்தில் பாதியில் நின்றுவிட்டேன், சேர முடியுமா என்று. பத்து நாள் கழித்து இன்னொன்று, பாலக்காட்டில் ஒரு கன்னியர் மடத்து விலாசத்திலிருந்து: இரண்டாம் வருடம் முடித்திருக்கிறேன், மூன்றாம் வருடத்தில் சேர முடியுமா என்று. இரண்டிலும் அதே பழைய கல்லூரி, அதே அப்பா பேர். பெண் மலையிறங்கி மடத்தில் வந்து தங்கியிருக்கிறாள், முதல் கார்டில் தப்பாக எழுதியதைத் திருத்தியிருக்கிறாள் என்று முடிவு செய்தேன். இரண்டையும் ஒரே நூலில் கோத்து, பாலக்காட்டு விலாசத்துக்கு மட்டும் பதில் போட்டேன். ஒரே ஆளுக்கு இரண்டு கோப்பு இருக்கக் கூடாது என்பது விதி. இரண்டு ஆளுக்கு ஒரே கோப்பு இருக்கக் கூடாது என்று யாரும் விதி எழுதி வைக்கவில்லை.

ஜூன் கடைசியில் பாலக்காட்டிலிருந்து பதிவுத் தபாலில் அசல்கள் வந்தன. டி.சி., எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம், இரண்டு வருட வருகைச் சான்று, மதிப்பெண் பட்டியல். ஆங்கிலத்திலும் தமிழிலும் நல்ல மதிப்பெண். இரண்டாம் வருடத்தில் ஒரு நாள்கூட விடுப்பு இல்லை. இப்படி ஒழுங்கான விண்ணப்பம் எனக்கு அபூர்வம். கோப்பில் கோத்தேன்.

மூன்றாம் நாள் காலை, கவுண்டருக்கு வெளியே ஒரு பெண் நின்றாள். ஒல்லி, விரல் நுனிகளெல்லாம் கொழுந்து கிள்ளிக் கறுத்திருந்தன. "ஏலப்பாறைல இருந்து வாரேன் சார். ரோஸ்லின் ஞானமணி. கார்டு போட்டிருந்தேன், பதில் வரல" என்றாள்.

"பதில் போட்டாச்சுங்களேம்மா. நீங்களும் அசலெல்லாம் அனுப்பிப் போட்டீங்க. அப்பறம் பதில் வரலீங்கறீங்க?"

"நான் எதும் அனுப்பலயே சார். எங்கிட்ட மொத வருச மார்க் லிஸ்ட் மட்டுந்தான் இருக்கு. டி.சி. கேட்டு இனிமேத்தான் எழுதணும்."

கோப்பைப் பிரித்து டி.சி.யைக் காட்டினேன். வாங்கிப் பார்த்தாள். பிறகு விண்ணப்பத்துக் கையெழுத்தைப் பார்த்தாள். ஜன்னல் கதவு காற்றில் இரண்டு தரம் அறைந்தது. அவள் நிமிரவில்லை.

"இது என் கையெழுத்துதான் சார்" என்றாள். "ஆனா நான் போடல."

இந்த மாதிரி வாக்கியத்துக்கு எந்தப் படிவத்திலும் கட்டம் கிடையாது. உட்காரச் சொன்னேன். கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். இரண்டாம் வருடம் டிசம்பரில் எஸ்டேட்டில் மரம் சாய்ந்து அவள் அப்பாவின் கால் நசுங்கியது. அம்மா இல்லை. வீட்டில் ஒருவராவது பேர் பதிந்து வேலை செய்யாவிட்டால் எஸ்டேட் கொடுத்த லைன் வீடு போய்விடும். இவள் படிப்பை விட்டுவிட்டுக் கொழுந்து கிள்ளப் போனாள். ஒன்றரை வருடம். இப்போது தம்பிக்கு வேலை கிடைத்துவிட்டது. கொழிஞ்சாம்பாறையில் சித்தி வீட்டில் தங்கி, விட்ட இரண்டாம் வருடத்திலிருந்து படித்து, ஊர்ப் பள்ளியில் டீச்சராகப் போக வேண்டும்.

"டிசம்பர்ல போனேன் சார். அப்பறம் மலைய விட்டு எறங்கவே இல்ல."

வருகைச் சான்றைப் பார்த்தேன். ஜனவரி முழு நாள். பிப்ரவரி முழு நாள். மார்ச் முழு நாள். ஏப்ரலில் பரீட்சை எழுதித் தேறியிருந்தாள். கோப்பின் கடைசியில் நூலகத்தின் பாக்கியின்மைச் சீட்டு இருந்தது. பிப்ரவரியில் மூன்று புத்தகம் எடுத்து, ஒரு நாள் தவறாமல் திருப்பிக் கொடுத்திருந்தாள். நடத்தைச் சான்றில் "அமைதியானவர், கவனமுள்ளவர்" என்று இருந்தது. எதிரே இருந்தவள் மழையில் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்த மாதங்களில், இவளே மலைக்குக் கீழே தலை சீவி, வகுப்புக்குப் போய், புத்தகம் வாசித்து, நல்ல பேர் வாங்கியிருக்கிறாள். எதிரே இருந்தவளைவிட அந்தக் காகிதப் பெண் எல்லா விதத்திலும் மேல். ஏனென்று தெரியவில்லை, தரையில் பாவுகிறதா என்று அவள் காலைக் குனிந்து பார்த்தேன். செருப்பில் செம்மண் இருந்தது.

"அவ யாரு சார்?" என்று கேட்டாள்.

கோப்பை சூப்பரண்டிடம் கொண்டுபோனேன். கடைசிப் பக்கத்திலிருந்து படித்தார். முதல் பக்கத்துக்கு வந்தபோது அந்த இரண்டு கார்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகு நேரம் பார்த்தார்.

"சின்னச்சாமி, இதை ஒரே நூல்லே கோத்தது ஆரு?"

"நான்தானுங்க சார்."

"ம். பாதி வேலையை நீயும் செஞ்சு குடுத்திருக்கே" என்றார். குண்டைத் தூக்கிக் கோப்பின் மேல் வைத்தார். "ரெண்டு விலாசத்துக்கும் மெமோ போடு. வர்ற திங்கக்கிழமை பதினொண்ணு மணிக்கு ஆள் நேர்ல வரணும்."

"பாலக்காட்டு ஆள் வருமுங்களா சார்?"

"அசல் எல்லாம் இவிடெயாக்கும் இருக்கு. வராம எங்கே போவா?"

அந்தத் திங்கட்கிழமை எனக்கு இன்றும் ஞாபகம் இருப்பது சத்தத்தால்தான். கணவாய்க் காற்று பனைமரங்களைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது. வராந்தாவில் இருபது முப்பது பேர், பெரும்பாலும் பெண் பிள்ளைகள், முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ரோஸ்லினை நான் எட்டு மணிக்கே பார்த்துவிட்டேன், மேற்கு ஓரத் தூணருகில். பதினொன்று அடித்ததும் பியூன் அச்சுதன் வாசலில் நின்று கூப்பிட்டான்.

"ரோஸ்லின் ஞானமணி!"

"யெஸ் சார்."

குரல் மேற்கிலிருந்து வந்தது. கிழக்கிலிருந்தும் வந்தது. முன்னே பின்னே இல்லை. அதே இழுப்பு, அதே தணிவு. வருகைப் பதிவின்போது எழுந்து நின்று சொல்கிற அந்தக் குரல். அச்சுதன் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்து, மலையாளத்தில் கடவுளைக் கூப்பிட்டான்.

கிழக்குப் பக்கத்திலிருந்து வந்தவள் கொஞ்சம் உயரம். வெளுத்துப்போன நீலப் புடவை. ரோஸ்லினைக் கண்டதும் நின்றாள். ஓடுவாள் என்று நினைத்தேன், ஓடவில்லை. ரோஸ்லின்தான் முதலில் பேசினாள்.

"பாக்கியம், நீயா?"

மரிய பாக்கியம், விடுதியில் ரோஸ்லினின் அறைத்தோழி. சொந்தமென்று யாருமில்லாமல் மிஷன் இல்லத்தில் வளர்ந்தவள்.

"ரெண்டு குட்டிகளும் உள்ளே வாங்கோ" என்றார் சூப்பரண்டு. கதவைச் சாத்தச் சொன்னார். எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தைப் பிரித்து அடையாள வரியைப் படித்தார்: "இடது காதுக்குக் கீழே ஒரு கறுப்பு மச்சம். காட்டுங்கோ."

ரோஸ்லின் முடியை ஒதுக்கினாள். மச்சம் இருந்தது. பாக்கியமும் முடியை ஒதுக்கினாள். அதே இடத்தில், அதே அளவில், மச்சம் இருந்தது.

ரோஸ்லின் கை நீட்டி, மற்றவளின் கழுத்தை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள்; கண்ணாடியைத் தொடுகிற மாதிரி.

"சேங்கொட்ட" என்றாள் பாக்கியம் மெதுவாக. வண்ணார் துணிக்குக் குறிபோடும் கொட்டை. சாறு பட்டால் தோல் புண்ணாகும், கறுப்பு லேசில் போகாது. "ஒரு வாரம் காய்ச்சல் வந்துச்சு."

பிறகு எல்லாம் சொன்னாள். ஊருக்குப் புறப்பட்ட அன்று ரோஸ்லின் விடுப்புக் கடிதத்தை இவளிடம்தான் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். அதே வாரம் கட்டணம் கட்டாததால் இவள் பேரை அடித்துவிட்டார்கள். ரோஸ்லினுக்கு மிஷன் உதவியில் வருடம் முழுக்கக் கட்டியிருந்தது. எழுபது பேர் வகுப்பில் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, எண்தான். கடிதத்தை இவள் கொடுக்கவில்லை. மறுநாள் அந்த எண்ணைக் கூப்பிட்டபோது, சும்மா, ஒரு நாளைக்கு என்று, "யெஸ் மிஸ்" சொன்னாள்.

"யாருக்கும் தெரியலையா?" என்றார் சூப்பரண்டு.

"பிள்ளைங்களுக்குத் தெரியும். ஒரு மிஸ்ஸுக்கும் தெரியும் சார். அவங்க என்னைய ஒரு நாள் ரொம்ப நேரம் பாத்தாங்க. அப்பறம் அடுத்த எண்ணக் கூப்பிட்டாங்க."

பரீட்சையும் எழுதினாள். ரோஸ்லின் பேரில் போய் டி.சி.யும், கல்லூரியில் இருந்த எஸ்.எஸ்.எல்.சி. புத்தகமும் வாங்கினாள். மடத்துச் சமையலறையில் ஒரு வருடம் வேலை செய்தாள். பழைய பாக்கியைக் கட்டி, தன் சொந்தப் பேரிலும் போய் ஒரு டி.சி. வாங்கி வைத்திருந்தாள். ஒரே ஜன்னலில் இரண்டு பேராக நின்றிருக்கிறாள். உள்ளேயிருந்த குமாஸ்தா நிமிர்ந்து பார்க்கவில்லை. குற்றம் சொல்ல மாட்டேன், நானும் பார்த்திருக்க மாட்டேன்.

"உன் பேர்லே இருக்கறது பாதியிலே அடிச்ச டி.சி. அதையும் எஸ்.எஸ்.எல்.சி. புஸ்தகத்தையும் எதுக்கு வாங்கினே?"

"என் பேரு அதுல மட்டுந்தான் இருக்கு சார்."

சூப்பரண்டு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் மேலே எழுதினா ரெண்டு பேருக்கும் தடை வரும். இவ ஆள் மாறி எழுதினா. நீ தெரிஞ்சே பேரைக் குடுத்தேன்னு யூனிவர்சிட்டிலே சொல்லுவா. தெரியாதுன்னு எப்படிக் காட்டுவே குட்டி? லெட்டரை இவ கையிலேதானே குடுத்தே?"

"எழுதலேன்னா சார்?" என்றாள் ரோஸ்லின்.

"எழுதலேன்னா இந்த ஃபைல்லே ஒரே ஒரு ரோஸ்லின். மூணாம் வருஷம். அது ஆருன்னு ரெண்டு பேரும் பேசி, ஒரு மணிக்கு வந்து சொல்லுங்கோ. நான் ஊண் கழிச்சிட்டு வரேன்."

விதியைத் தவிர வேறெதையும் வாயில் வைக்காத மனிதர் அப்படிச் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனது எனக்கு மற்றதைவிட அச்சமாக இருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். இரண்டு பேரும் வராந்தா முனையில் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு ரோஸ்லின் ஏதோ கத்தினாள். காற்று வார்த்தைகளை எடுத்துப்போய்விட்டது. பாக்கியம் தலை குனிந்திருந்தாள். அப்புறம் பார்த்தபோது ஒருத்தியின் தூக்குவாளியிலிருந்து இரண்டு பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எது யார் என்று பின்னாலிருந்து எனக்குத் தெரியவில்லை.

ஒரு மணிக்கு ரோஸ்லின்தான் பேசினாள். கண் சிவந்திருந்தது, குரல் நேராக இருந்தது.

"மூணாம் வருசத்துக்கு அவ போகட்டும் சார். அந்தப் பரிச்சய நான் எழுதல. எழுதாததுக்கு மேல ஏறி உக்காந்தா வகுப்புல எனக்கு ஒண்ணும் வெளங்காது."

"அப்போ நீ?"

பாக்கியத்தின் பேரில் இருந்த டி.சி.யை மேஜையில் வைத்தாள். இரண்டாம் வருடம் டிசம்பரோடு நின்ற டி.சி. "நான் படிச்சது இவ்வளவுதான் சார். இதுல சரியா அவ்வளவுதான் இருக்கு."

சூப்பரண்டு இரண்டு காகிதக் கட்டுகளையும் பார்த்தார். நானும் பார்த்தேன். அதில் பயங்கரம் என்னவென்றால், அவள் சொன்னது சரி. யார் எவ்வளவு படித்தாளோ அவ்வளவே ஒவ்வொரு கட்டிலும் இருந்தது. தேதி, வருகை, மதிப்பெண், எல்லாம் உண்மை. பேர் மட்டும் இடம் மாறியிருந்தது.

"பேரு போயிடுமே குட்டி. டீச்சராப் போகணும்னியே, அந்த ஊர்லே உன்னை எல்லாருக்கும் தெரியும்."

அவள் இதை யோசித்துவிட்டுத்தான் வந்திருந்தாள். "வேற ஊருக்குப் போறேன் சார். எங்கப்பா எப்பவும் பாப்பானுதான் கூப்பிடுவாரு" என்றாள்.

பாக்கியம் அழ ஆரம்பித்தாள். சூப்பரண்டு மரிய பாக்கியத்தின் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தை வாங்கி அடையாளத்தைப் படித்தார்: இடது முழங்காலில் வெட்டுத் தழும்பு. "பெண் குட்டிகளோட முழங்காலை நான் பாக்கறதில்லை" என்றார். குண்டை எடுத்தார்.

பிற்பகல் ஒரு கோப்பை இரண்டாகப் பிரித்தேன். எல்லாவற்றுக்கும் இடம் இருந்தது. ஏலப்பாறையிலிருந்து வந்த கார்டுக்கு மட்டும் எந்தக் கோப்பிலும் இடம் இல்லை. அதை என் மேஜை இழுப்பறையில் போட்டேன்.

ஒரு வருடம் ஓடியது. இரண்டாம் வருட வகுப்பில் மரிய பாக்கியம் என்று கூப்பிட்டால் ஒரு நொடி கழித்துத்தான் பதில் வருகிறது, பெண்ணுக்குக் காது மந்தமோ என்று தமிழ் விரிவுரையாளர் கேட்டார். காற்றுக்காலம், தெளிவாகக் கேட்காது என்றேன்.

மூன்றாம் வருட முடிவுகள் வந்த வாரம், கைத்தடி ஊன்றிய ஒரு மனிதர் அறிவிப்புப் பலகைக்கு முன்னால் நின்றிருந்தார். பக்கத்தில் அவர் மகள். ரோஸ்லின் ஞானமணி, முதல் வகுப்பு. பலகையின் கம்பி வலைக்கு மேலே விரலை வைத்து, ஒவ்வொரு எழுத்தாகத் தடவினார். அந்தப் பேருக்குரியவள் என்று கல்லூரியும் பல்கலைக்கழகமும் நம்பிய இன்னொருத்தி அன்று வரவில்லை. வேலை கிடைத்து வடக்கே போய்விட்டதாகச் சொன்னார்கள்.

என்னைக் கண்டதும் கும்பிட்டார். "எம் மவ நல்லாப் படிச்சாளாய்யா?"

"பதிவேட்டுல அப்படித்தானுங்க இருக்குது" என்றேன்.

"பாஸாயிட்டா. அப்பறம் இன்னொரு வருசம் இங்கன இருக்கணுங்காளே, எதுக்குய்யா?"

மகள் என்னைப் பார்த்தாள். மன்னிக்கச் சொல்லியோ கெஞ்சியோ பார்க்கவில்லை; கவுண்டரில் நிற்கிறவர்கள் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"ஒரு காயிதம் வர வேண்டியிருக்குதுங்க" என்றேன்.

"காயிதமா, அப்ப வரட்டும், வரட்டும்" என்று திருப்தியாகத் தலையாட்டினார். "ஏ பாப்பா, வா, தாயி." இருவரும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள்.

மறுவருடம் அவளும் தேறினாள். டி.சி. வாங்க வந்தாள். நான் பதிவேட்டை நீட்ட, தயங்காமல் "மரிய பாக்கியம்" என்று கையெழுத்துப் போட்டாள். எழுத்து வழுக்கிக்கொண்டு போயிற்று. அடையாளங்கள் சரிபார்க்கப்பட்டன என்ற கட்டத்தில், இடது முழங்கால் தழும்பு, சரி என்று எழுதிக் கையொப்பமிட்டேன். குனிந்திருந்தபோது அவள் காதுக்குக் கீழே இருந்த மச்சம் தெரிந்தது.

அவள் போன பிறகுதான் குடையை மேஜையில் விட்டுவிட்டதைப் பார்த்தேன். வராந்தாவுக்கு ஓடினேன். காற்று இல்லாத நாள். அவள் பத்தடி தூரத்தில்தான் போய்க்கொண்டிருந்தாள்.

"ரோஸ்லின்!" என்று கூப்பிட்டேன்.

அவள் நடந்துகொண்டே இருந்தாள். இன்னொரு தரம், சத்தமாகக் கூப்பிட்டேன். தோள்கூட அசையவில்லை.

"மரிய பாக்கியம்!"

"யெஸ் சார்" என்று உடனே திரும்பினாள்.